செக் இன்ஜின் லைட் ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் பேச்சு சீக்கிரமே டேஷ்போர்டில் எரியும் அந்த மஞ்சள் விளக்குக்கு வந்துவிடும். "சென்சார் போயிருக்கும், மாத்திடுங்க" என்பார் ஒருவர். "பேட்டரி ஒயரைப் பத்து நிமிஷம் கழட்டி வைங்க, தானா அணைஞ்சிடும்" என்பார் இன்னொருவர். "வண்டி நல்லாத்தானே ஓடுது, விடுங்க" என்றும் ஒரு குரல் வரும். இந்தப் பேச்சை நம்பிச் சென்சாரை மாற்றி, காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை, அதாவது 'கோடை', அழித்து, இரண்டு வாரத்தில் மறுபடி அதே விளக்கோடு பட்டறைக்கு வருபவர்கள் ஏராளம்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் இது கொஞ்சம் அதிகமாகவே காதில் விழும். சாலை வரி குறைவு என்பதால் பிஒய்-01 எண்ணோடு பதிவான வெளிநாட்டுக் கார்கள் ஒரு காலத்தில் நிறைய. அவற்றில் பல இப்போது கைமாறிக் கைமாறி, காரை உயிராக நேசிக்கும் இளைஞர்களிடம் வந்திருக்கின்றன. கார் வாங்கப் பணம் சேர்த்தவருக்கு, அந்த விளக்கைத் துரத்தவும் தனியாகப் பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவில் பெரும்பங்கு தேவையில்லாதது. அதனால்தான் இந்த விளக்கம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கார் வேண்டும். 1998 முதல் 2006 வரை வந்த முதல் தலைமுறை ஆடி டிடியை வைத்துக்கொள்வோம். அதன் 1.8 லிட்டர் டர்போ இன்ஜினின் உறவுக்கார இன்ஜின்தான் நம் ஊரில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலும் இருந்தது. சொல்லப்போகும் அடிப்படை மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

அந்த விளக்கு யாருக்காக வந்தது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். அந்த விளக்கு இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வந்ததல்ல. காற்றைக் காப்பாற்ற வந்தது. அமெரிக்காவில், முக்கியமாகக் கலிபோர்னியாவில், வாகனப் புகையைக் கட்டுப்படுத்தப் போட்ட விதிகளிலிருந்து பிறந்தது அது. கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும், புகை அளவுக்கு மீறும் நிலை வந்தால் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. இந்தச் சுயபரிசோதனை ஏற்பாட்டுக்கு ஓபிடி என்று பெயர். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதியோடு 2010-ல் முதல் கட்டமும் 2013-ல் இரண்டாம் கட்டமும் வந்தன.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு குழப்பங்கள் தீரும். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும்போதும் விளக்கு எரியலாம், ஏனென்றால் அது பார்ப்பது புகையை, ஓட்டத்தை அல்ல. அதேபோல் விளக்கு எரியவில்லை என்பதால் இன்ஜின் நலமாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. ஆயில் பிரஷருக்கும் இன்ஜின் சூட்டுக்கும் தனி விளக்குகள் உண்டு. அவை சிவப்பு. சிவப்பு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

ருசி பார்க்கும் சமையல்காரர்

ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்கிறது. ஓர் ஆள் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் என்று குடம் குடமாக அளந்து சொல்கிறார். அந்தக் கணக்குக்கு ஏற்பச் சமையல்காரர் உப்புப் போடுகிறார். அப்புறம் ஒரு துளி நாக்கில் விட்டுப் பார்க்கிறார். குறைகிறதா, இன்னும் கொஞ்சம். கரிக்கிறதா, அடுத்த முறை கொஞ்சம் குறைவு. வேலை முடியும்வரை இதையே செய்துகொண்டிருக்கிறார்.

உங்கள் காரின் இன்ஜினும் இப்படித்தான் ஓடுகிறது. தண்ணீருக்குப் பதில் காற்று, உப்புக்குப் பதில் பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் உட்கார்ந்து உள்ளே போகும் காற்றை அளப்பது மாஸ் ஏர்ஃபுளோ சென்சார். பட்டறையில் மாஃப் சென்சார் என்பார்கள். அந்த அளவை வைத்து எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்வது இசியு என்கிற கம்ப்யூட்டர், அதுதான் சமையல்காரர். எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது ஆக்ஸிஜன் சென்சார், அது நாக்கு. ஆக்ஸிஜன் அதிகம் மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பட்டறை மொழியில் 'லீன்'. மிஞ்சவே இல்லை என்றால் பெட்ரோல் அதிகம், 'ரிச்'.

இப்போது ஒரு சிக்கலைக் கொண்டுவருவோம். அளக்கிற ஆளுக்குத் தெரியாமல், பின்பக்கத்திலிருந்து யாரோ அண்டாவில் தண்ணீர் ஊற்றுகிறார். கணக்குப்படி உப்பு சரி. நாக்கு மட்டும் உப்பு குறைகிறது என்கிறது. சமையல்காரர் கூட்டிப் போடுகிறார். மறுபடியும் குறைகிறது. இன்னும் கூட்டுகிறார். அவருக்கும் ஓர் எல்லை உண்டு. கணக்கைவிடக் கால் பங்கு கூடுதலாகப் போட்டும் ருசி வரவில்லை என்றால், "இங்கே ஏதோ சரியில்லை" என்று வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

செக் இன்ஜின் லைட் என்பது அந்தக் கூப்பாடு. ஒரு பார்ட் உடைந்தது என்ற செய்தி அல்ல அது. "நானும் சரிக்கட்டிப் பார்த்தேன், இனி முடியவில்லை" என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கிறது. கோளாறு பல மாதம் முன்பே தொடங்கியிருக்கலாம். இத்தனை நாள் அதை ஈடுகட்டி ஓட்டியது கம்ப்யூட்டர்தான். வண்டி நன்றாக ஓடுவதாக உங்களுக்குத் தோன்றியதும் அதனால்தான்.

இந்த ஈடுகட்டலுக்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். சதவீதத்தில் சொல்வார்கள். கூட்டல் 5 என்றால் கணக்கைவிட 5 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகிறது. கழித்தல் 5 என்றால் அவ்வளவு குறைவு. பூஜ்யத்தை ஒட்டி ஏழெட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல கார்களில் 20, 25 சதவீதம் என்று போனால் விளக்கு எரியும்.

இதுவரை: காற்றை அளந்து பெட்ரோல் போடுவது கணக்கு. புகையைப் பார்த்துத் திருத்துவது ஃபியூயல் ட்ரிம். திருத்தம் எல்லையைத் தொட்டால் விளக்கு.

கோடு சொல்வது புகாரை, பார்ட்டை அல்ல

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் ஒரு கோடு வரும். பி0171 என்று வைத்துக்கொள்வோம். பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் 1 வந்தால் அது பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கோடு. பொது ஸ்கேனரில் விளக்கம் சரியாக வராமல் போகலாம். அதற்கடுத்த எண் பிரிவைக் காட்டும்: 1 என்றால் காற்றும் பெட்ரோலும், 3 என்றால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), 4 என்றால் புகைக் கட்டுப்பாடு.

பி0171-ன் பொருள், கலவை லீனாக இருக்கிறது. அவ்வளவுதான். இதைக் கண்டதும் பல இடங்களில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உப்பு குறைகிறது என்று சரியாகச் சொன்ன நாக்கைக் குறை சொல்வது போல் இது. புது நாக்கும் அதையேதான் சொல்லும், ஏனென்றால் பின்பக்கம் தண்ணீர் ஊற்றுபவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

அந்த 'பின்பக்கத் தண்ணீர்' காரில் என்ன? மாஃப் சென்சாரைத் தாண்டிய பிறகு, அளக்கப்படாமல் உள்ளே நுழையும் காற்று. இதை வேக்யூம் லீக் என்பார்கள். இருபது வயதான 1.8 டர்போ இன்ஜினில் இதற்குப் பேர்போன இடம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் பிரீதர் ஹோஸ்கள். இன்ஜினுக்குள் உண்டாகும் ஆயில் ஆவியை மறுபடி இழுத்து எரிக்கும் ரப்பர் குழாய்கள் அவை. ஆயிலில் ஊறி ஊறி ஒரு பக்கம் மெத்தென்று ஆகிவிடும். சூட்டில் வெந்து மறுபக்கம் அப்பளமாகிவிடும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. கையை அடியில் விட்டு விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் விரல் பொதுக்கென்று உள்ளே போகும். வெளியே எடுத்தால் நுனியில் கறுப்பு ஆயிலும் பொடிந்த ரப்பரும் ஒட்டியிருக்கும். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில்தான் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரும். விலை குறைந்த ஒரு ரப்பர் குழாய்க்காக விலை கூடிய சென்சார் பலியாகும் கதை இதுதான்.

முதலியார்பேட்டைப் பக்கம் பழைய ஜெர்மன் கார்களைப் பார்க்கும் ஒரு மெக்கானிக், வருபவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வார்: "தம்பி, கோடு படிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. அது ஏன் வந்துச்சுன்னு தேடுறதுக்குத்தான் நான் காசு வாங்குறேன்." அந்தத் தேடும் நேரத்துக்குக் கூலி கொடுக்க யோசிப்பவர்கள்தான் கடைசியில் பார்ட்டுகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பிரபலமான கோடு பி0420. கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றிவிடும் தேன்கூடு போன்ற பெட்டி, தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பது புகார். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டுவிட்டு, உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெற்றுக்குழாயாக ஓட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, தெருவில் மூச்சு விடுபவர்களுக்கும் கெடுதல். தவிர, கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு. ஆயில் எரிவது, மிஸ்ஃபயர் என்று மேலே ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் புதுசும் போகும். சத்தத்துக்காக சைலன்சரை மாற்றிய கார்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஜாயின்ட் சரியாக உட்காராமல் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் ஆக்ஸிஜன் சென்சார் ஏமாந்துபோகும்.

அழித்தால் அணைகிறது; அப்புறம் ஏன் திரும்ப வருகிறது?

கம்ப்யூட்டர் அவசரக்காரர் அல்ல. ஒரு தடவை தப்பு தெரிந்தால் பெரும்பாலான கோளாறுகளுக்கு உடனே விளக்கைப் போடாது. குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். இது பென்டிங் கோடு. அடுத்த ஓட்டத்திலும் அதே தப்பு தெரிந்தால்தான் கோடு உறுதியாகி விளக்கு எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அந்தத் தப்பு தெரியாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். கோடு மட்டும் நினைவில் இருக்கும். சுமார் நாற்பது தடவை இன்ஜின் சூடாகி ஆறிய பிறகே அழியும். ஆகவே விளக்கு தானாக அணைந்தது, மறுபடி எரிந்தது என்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை. கோளாறு எல்லையில் நின்று வந்து வந்து போகிறது.

ஸ்கேனரால் கோடை அழிப்பதும், பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதும் வேறு விஷயம். விளக்கோடு சேர்த்து மூன்று சொத்துகள் அழிந்துவிடும். ஒன்று, கம்ப்யூட்டர் கற்றுவைத்த ஃபியூயல் ட்ரிம். இரண்டு, ஃப்ரீஸ் ஃபிரேம்; அதாவது தப்பு நடந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சூடு என்ன, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) என்ன என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த குறிப்பு. மூன்றாவது ரெடினஸ். எந்தெந்தச் சோதனைகளை முடித்தாயிற்று என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியல் அது. அழித்தவுடன் அதில் உள்ளவை எல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும்.

இந்த மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுகிறது. சில சோதனைகள் குறிப்பிட்ட நிலைமைகளில்தான் நடக்கும். இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும், நன்றாகச் சூடாக வேண்டும், ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையை எடுத்து, கடற்கரைச் சாலை வரை போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பும் காருக்கு அந்த நிலைமைகள் கூடிவர வாரக்கணக்காகும். "சென்சார் மாத்தினதும் மூணு வாரம் நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துடுச்சு" என்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. அதுவரை சோதனையே நடந்திருக்காமல் இருக்கலாம்.

சுருக்கிச் சொன்னால், அழிப்பது ரிப்பேர் அல்ல, தடயத்தைத் துடைப்பது. ரிப்பேர் செய்த பிறகு அழிக்கலாம். அதற்கு முன் கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த நேரத்தில் எரிகிறது என்பதே பெரிய துப்பு

மாஃப் சென்சார் கோளாறா, வேக்யூம் லீக்கா? இரண்டும் பி0171 தரும். பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் சின்ன புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போனில் ஆப் போட்டு, இன்ஜின் சூடான பிறகு ஃபியூயல் ட்ரிமைப் பாருங்கள். முதலில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், சும்மா ஐடிலில். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் பிடித்து.

ஐடிலில் கூட்டல் 20 காட்டி, 2500-ல் கூட்டல் 5-க்கு இறங்கினால் வேக்யூம் லீக் என்று சந்தேகிக்கலாம். ஓட்டை வழியே நுழையும் காற்றின் அளவு அவ்வளவாகக் கூடுவதில்லை. ஐடிலில் இன்ஜின் மொத்தமே கொஞ்சம்தான் மூச்சு இழுக்கிறது, அதில் இது பெரும் பங்கு. வேகம் கூடக்கூட அதே ஓட்டை மொத்தக் காற்றில் சிறு பங்காகிவிடும். நேர்மாறாக, ஐடிலில் சுமாராக இருந்து, மேட்டில் ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் ட்ரிம் ஏறினால் மாஃப் சென்சார் குறைத்து அளக்கிறது, அல்லது பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் வரத்து போதவில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களில் எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டர் போடும் வழக்கம் உண்டு. எண்ணெய் அதிகமானால் அது மாஃப் சென்சாரின் மெல்லிய சூடான கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். மாஃப் கிளீனர் ஸ்பிரே என்றே தனியாக விற்கிறது. அதை மட்டும் அடித்துக் காயவிட வேண்டும். கம்பியைத் துணியாலோ பிரஷ்ஷாலோ தொடவே கூடாது.

டர்போ காரில் ஒரு சின்னத் திருப்பம். டர்போ அழுத்தித் தள்ளும் பக்கத்துக் குழாயில் கிழிசல் என்றால், அளந்த காற்று வெளியே போய்விடும். அப்போது வேகத்தில் கலவை ரிச்சாகும், இழுவையும் குறையும்.

லீக் இருக்கும் இடத்தைப் பிடிக்கச் சிறந்த வழி ஸ்மோக் டெஸ்ட். இன்டேக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் ஓட்டையிலிருந்து நூல் போலப் புகை எழும். கையில் கிடைத்த ஸ்பிரேயைச் சூடான இன்ஜின் மீது அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தீப்பிடிக்கும் பொருள் அது. ஸ்மோக் மெஷின் இருக்கும் பட்டறையைத் தேடிப் போவது நல்லது.

இதேபோல மற்ற நேரங்களும் பேசும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் திணறினால், இன்ஜின் சூட்டைச் சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். இந்த இன்ஜினில் அது அடிக்கடி போகும். மழைக்குப் பிறகு மட்டும் எரிந்தால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், ஒயர், கனெக்டர். பேட்டரி பலவீனமானால் சம்பந்தமே இல்லாத பல கோடுகள் ஒன்றாக வந்து குவியும், அப்போது முதலில் பேட்டரியைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

கடற்காற்றும் பங்க் பெட்ரோலும்

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ கார் நிற்கிறது என்றால், மற்ற ஊர்க்காரர்கள் சொல்லாத ஒரு காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று. சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய பின்னில் பச்சையாகப் பூத்திருக்கும். சென்சார் அனுப்புவது மிகச் சிறிய மின்னழுத்தம். ஆக்ஸிஜன் சென்சார்களில் பல ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே பேசும். அந்தப் பச்சை அதைக் குழப்பிவிடும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, இறுக்கமாக மாட்டினாலே தீர்ந்துவிடும் கோளாறுகள் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது நினைவிருக்கும். அப்படி நீரில் நின்ற காரை வாங்கியிருந்தால், கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ஓடும் ஒயரிங்கைப் பார்க்காமல் எந்தச் சென்சாரையும் மாற்றாதீர்கள். துரு ஒரே நாளில் வருவதில்லை, மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

அப்புறம் பெட்ரோல். புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி, கன்னியக்கோவில் பக்கம் போய் டேங்கை நிரப்புவது வழக்கம். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று, பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கழுத்து வரை ஊற்றச் சொல்வார்கள். டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா காரில் இருக்கிறது, சார்க்கோல் கேனிஸ்டர் என்று பெயர். ஆவிக்காக வைத்த டப்பா அது. கழுத்து வரை ஊற்றினால் திரவமாகவே பெட்ரோல் அதற்குள் போய்க் கரியைக் கெடுக்கும். பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறி, அப்புறம் விளக்கும் எரிந்தால் இந்தப் பக்கம் தேடுங்கள். முதல் 'டக்'கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு எரிந்தால் முதலில் பெட்ரோல் மூடியை இறுக்கு என்று அமெரிக்க வீடியோக்கள் எல்லாம் சொல்லும். அந்த ஊர் கார்களுக்கு அது சரி. ஆவி கசிகிறதா என்று கார் சோதித்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. ஐரோப்பிய விதியில் அந்தக் கசிவுச் சோதனை கட்டாயமில்லை. நம் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. ஆகவே மூடியை இறுக்குவதில் தப்பில்லை, ஆனால் நம் ஊர் காரில் அதனால் விளக்கு அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் இந்தக் கணக்கில் வருகிறது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்றின் அளவு 14.7-லிருந்து சுமார் 13.5 ஆகக் குறைகிறது. சமையல்காரர் பார்வையில் இது கரிப்பு குறைந்த உப்பு. அதே ருசிக்குக் கூடுதலாகப் போட வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குக் கணக்குப் போட்ட பழைய காரில் ட்ரிம் அதனாலேயே எட்டு, ஒன்பது சதவீதம் ஏறி நிற்கும். கோளாறு எதுவும் இல்லாமலேயே எல்லையில் மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. முன்பு விளக்கை எரிய வைக்காத சின்ன ஓட்டை இப்போது எரிய வைக்கும். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாதவை என்பது வேறு. இந்த வயதுக் காருக்கு ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிடுவதை நான் வீண்செலவாக நினைக்கவில்லை. வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் அது ஒன்று.

விளக்கு மினுக்கினால்

நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு மினுக்குவது வேறு. மினுக்கினால் மிஸ்ஃபயர்; ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. அது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும் அளவுக்குச் சூடேற்றும். இரண்டு ஓட்டம் பொறுத்துப் பார்க்கும் வழக்கமெல்லாம் இங்கே கிடையாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துவதுதான் சரி.

1.8 டர்போவில் பெரும்பாலும் காரணம் இக்னிஷன் காயில். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும், மொத்தம் நான்கு. கோடு பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவது இடத்திலும் முதலாவதை மூன்றாவது இடத்திலும் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0301 வந்தால் கோளாறு காயிலோடு இடம் மாறியிருக்கிறது, காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303 என்றே வந்தால் காயில் நல்லது. அந்த சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும், அப்புறம் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாமல் ஒரு பார்ட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. எதையும் வாங்குவதற்கு முன் இப்படி ஒரு கேள்வியைக் காரிடமே கேட்க முடியுமா என்று யோசியுங்கள்.

ரிப்பேர் பிடித்ததா என்று பார்ப்பது எப்படி?

ஹோஸை மாற்றியாயிற்று, கோடை அழித்தாயிற்று. விளக்கு எரியவில்லை என்பது இப்போது எதையும் நிரூபிக்காது. சோதனைகள் ஓட வேண்டும். அதற்குக் கடலூர்–புதுச்சேரி சாலையே போதும்.

இரவு முழுக்க ஆறிய காரை, டேங்க் பாதி இருக்கும்போது, விடியற்காலையில் மஞ்சக்குப்பத்தில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை முடிந்தவரை ஒரே வேகம். நடுவில் சில இடங்களில் பிரேக் மிதிக்காமல் காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையட்டும். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசல் நின்று நின்று போகும் ஓட்டத்தைத் தானாகவே தந்துவிடும். ஊருக்குள் நிறுத்தி ஸ்கேனரில் ரெடினஸைப் பாருங்கள். எல்லாம் 'முடிந்தது' என்று வந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டொரு நாள் இதே மாதிரி ஓட்டினால் வந்துவிடும்.

வந்த பிறகு மூன்றைச் சரிபாருங்கள். பென்டிங் கோடு ஏதாவது காத்திருக்கிறதா? ஐடிலில் ட்ரிம் எவ்வளவு? 2500 ஆர்பிஎம்மில் எவ்வளவு? ஐடிலில் கூட்டல் 20 இருந்தது இப்போது கூட்டல் 9 என்று நின்று, 2500-லும் கிட்டத்தட்ட அதே அளவு காட்டினால் ஓட்டை அடைபட்டுவிட்டது. மிச்சம் எத்தனாலின் கணக்கு. ஐடிலில் 14, 2500-ல் 8 என்றால் இன்னொரு சின்ன லீக் மிச்சமிருக்கிறது, விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் இப்போதே ஸ்மோக் டெஸ்ட்டுக்கு நேரம் வாங்குங்கள். போகும்போது பழைய கோடு, ஃப்ரீஸ் ஃபிரேம் படங்கள், முன்னும் பின்னுமான ட்ரிம் எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மெக்கானிக் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.